கம்பியில்லாப் பிணைய அட்டைகளின் மென்பொருட் சிக்கல்கள்

கம்பியில்லாப் பிணைய அட்டை என்பது ஒரு கணினியை வானொலி அலைகள் வழியாகப் பிற கணினிகளுடனோ இணையத்துடனோ இணைக்கும் வன்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது வை-ஃபை அட்டை, வை-ஃபை அடாப்டர் என்றும் அழைக்கப்படுகின்றது. இவ்வட்டை தானாக இயங்குவதில்லை. அட்டைக்குள் ஏற்றப்படும் நிலைபொருள், இயக்குதளத்தில் உள்ள இயக்கி மென்பொருள், இவை பின்பற்றும் நெறிமுறை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனை இயக்குகின்றன. எனவே அட்டையில் பழுது எதுவும் இல்லாமல், அலையும் வலுவாகக் கிடைக்கும்போதுகூட இணைப்பு சரிவர இயங்காமல் போவதுண்டு. இவ்வாறான குறைகள் மென்பொருட் சிக்கல்கள் எனப்படுகின்றன. அட்டையை மாற்றாமல், அமைப்புகளையோ இயக்கியையோ மாற்றி அவற்றைச் சமாளிக்கும் முறைகள் மாற்றுவழிகள் எனப்படுகின்றன.

இச்சிக்கல்களுக்கும் மாற்றுவழிகளுக்கும் தமிழ்நாட்டில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு, அரவிந்த் கண் மருத்துவமனைக்காகத் தேனி வட்டாரத்தில் 2000களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட தொலைதூர வை-ஃபை வலையமைப்பு ஆகும். வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கென உருவான மலிவான அட்டைகள், மென்பொருள் மாற்றங்களின் துணையுடன், ஊர்களுக்கு இடையே மருத்துவ ஆலோசனையைக் கொண்டுசெல்ல அங்கு பயன்படுத்தப்பட்டன.

அட்டையை இயக்கும் மென்பொருள்

நிலைபொருள் என்பது அட்டையில் உள்ள சில்லுக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல் ஆகும். பல அட்டைகளில் இது நிலையாகப் பதியப்பட்டிருப்பதில்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயக்கி இதனை அட்டைக்குள் ஏற்றுகின்றது.

இயக்கி என்பது இயக்குதளத்துக்கும் அட்டைக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் மென்பொருள் ஆகும். எந்த அலைத்தடத்தில் பேசுவது, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது, பதில் வராவிட்டால் எத்தனை முறை திரும்ப அனுப்புவது போன்றவை பெரும்பாலும் இயக்கியின் வழியே முடிவு செய்யப்படுகின்றன.

நெறிமுறை என்பது இரு அட்டைகளும் ஏற்றுக்கொண்ட பேச்சு ஒழுங்கு ஆகும். வை-ஃபை அட்டைகள் ஐஇஇஇ 802.11 என்னும் நெறிமுறைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. இதன் முதற் பதிப்பு 1997-இல் வெளியானது.

மடிக்கணினிகளில் காணப்படும் சிக்கல்கள்

ஒரே மடிக்கணினியில் ஓர் இயக்குதளத்தில் இயங்கும் அட்டை, மற்றோர் இயக்குதளத்தில் இயங்காமல் இருந்தால் குறை வன்பொருளில் இல்லை என்பது தெளிவாகின்றது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. அத்தகைய கணினியில் இச்சோதனையை எளிதாகச் செய்து பார்க்கலாம். பொதுவாகக் காணப்படும் சிக்கல்கள் பின்வருமாறு:

நிலைபொருள் இல்லாமை: இயக்கி இருந்தும் நிலைபொருட் கோப்பு இல்லையெனில் அட்டை உயிர்பெறாது. கட்டற்ற உரிமம் இல்லாத நிலைபொருட்களை டெபியன் போன்ற லினக்சு வழங்கல்கள் நெடுங்காலம் தமது நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2023-இல் வெளியான டெபியன் 12 பதிப்பிலிருந்து அவை அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்க்கப்பட்டன. பழைய பதிப்புகளில், கம்பி இணைப்பின் வழியே அக்கோப்பைத் தனியாகப் பதிவிறக்கி நிறுவுவதே மாற்றுவழி ஆகும்.

இயக்கி இல்லாமை: 2000களில் பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகள் பலவற்றுக்கு அந்நிறுவனம் வெளியிட்ட திறந்த லினக்சு இயக்கி இருக்கவில்லை. ஆர்வலர்கள் சில்லின் நடத்தையை ஆராய்ந்து பி43 என்னும் இயக்கியை எழுதினர். அதற்குத் தேவையான நிலைபொருளைப் பிற இயக்குதளங்களுக்கான இயக்கிக் கோப்புகளிலிருந்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. விண்டோசு இயக்கியை அப்படியே லினக்சில் இயக்கும் என்டிஸ்ராப்பர் என்னும் கருவியும் அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. பிராட்காம் 2010 செப்டம்பரில் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது.

மின்சேமிப்பு: மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு அட்டை இடையிடையே உறங்கச் செல்கின்றது. சில இயக்கிகளில் அது விழித்தெழத் தாமதிப்பதால் இணைப்பு விட்டுவிட்டு வருகின்றது. மின்சேமிப்பை நிறுத்திவைத்துச் சோதிப்பது வழக்கமான மாற்றுவழி ஆகும்.

நாட்டுக் குறியீடு: எந்த அலைத்தடங்கள் அனுமதிக்கப்பட்டவை என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றது. அமெரிக்காவுக்கென அமைக்கப்பட்ட அட்டை, 2.4 கிகாஹேர்ட்சு அலைத்தொகுப்பில் 12, 13 ஆகிய தடங்களில் இயங்கும் வலையமைப்பைப் பொதுவாகக் காட்டுவதில்லை. நாட்டுக் குறியீட்டை இந்தியா என மாற்றுவதோ, திசைவியை 1 முதல் 11 வரையிலான தடம் ஒன்றுக்கு மாற்றுவதோ இதனைத் தீர்க்கும்.

மேற்கண்டவை அனைத்தும் ஓர் அறைக்குள் எழும் சிக்கல்கள். அட்டையை அறைக்கு வெளியே, ஊர் விட்டு ஊர் பேச வைக்கும்போது எழும் சிக்கல்கள் வேறு வகையானவை.

தொலைவினால் எழும் சிக்கல்கள்

802.11 நெறிமுறை ஒரு கட்டடத்துக்குள் உள்ள கணினிகளை மனத்திற் கொண்டு வரையப்பட்டது. அலை ஒரு முனையிலிருந்து மறு முனையை அடைய 1 மைக்ரோ நொடிக்கு மேல் ஆகாது என அது கொள்கின்றது. ஒளியின் வேகத்தில் 1 மைக்ரோ நொடி என்பது 300 மீட்டர் தொலைவு ஆகும்.

இக்கருதுகோள் தவறும்போது என்ன நிகழும் என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை வைத்துக் கணக்கிடலாம். காஞ்சிபுரம் நகருக்கும் உத்திரமேரூருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 25 கி.மீ. ஆகும். போதிய உயரமான கோபுரங்களும் குறித்த திசையில் அலையைக் குவிக்கும் அலைவாங்கிகளும் இருந்தால், இத்தொலைவை வை-ஃபை அலை கடந்துவிடும். அதற்கு ஒரு வழிக்குச் சுமார் 83 மைக்ரோ நொடிகளும், போய்வரச் சுமார் 167 மைக்ரோ நொடிகளும் ஆகும். மனிதருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அட்டைக்கு இதனால் மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, ஒப்புகைக் காலக்கெடு. வை-ஃபை அட்டை ஒரு பொதியை அனுப்பியதும், "கிடைத்தது" என மறுமுனை அனுப்பும் ஒப்புகைக்காகக் குறித்த நேரம் மட்டுமே காத்திருக்கின்றது. அறைக்குள் பயன்படுத்துவதற்கென அமைக்கப்பட்ட காலக்கெடு, 167 மைக்ரோ நொடிப் பயணத்துக்குப் போதாது. பொதி உத்திரமேரூரை நல்லபடியாகச் சென்றடைந்து, ஒப்புகையும் புறப்பட்டு வந்துகொண்டிருக்கும்போதே, காஞ்சிபுரத்து அட்டை பொதி தொலைந்துவிட்டது எனக் கொண்டு திரும்ப அனுப்புகின்றது. இவ்வாறு ஒரே பொதி பலமுறை செல்கின்றது. இதற்கிடையில், இத்தனை பொதிகள் தொலைவதால் அலை மோசமாக உள்ளது என்று இயக்கி தவறாக முடிவு செய்து வேகத்தையும் குறைக்கின்றது. அலை வலுவாக உள்ளது எனக் காட்டியும் தரவு ஊர்ந்து செல்வது இச்சிக்கலின் அடையாளம் ஆகும்.

இரண்டாவது, காத்திருப்பில் வீணாகும் நேரம். காலக்கெடுவை நீட்டினாலும், ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை வரும்வரை அலைத்தடம் சும்மா இருக்கின்றது. 1500 பைட்டுகள் கொண்ட பொதியை நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 1090 மைக்ரோ நொடிகள் ஆகும். இதில் 167 மைக்ரோ நொடிக் காத்திருப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அதே பொதியை 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 222 மைக்ரோ நொடிகளே போதும். அப்போது காத்திருப்பு, அனுப்பும் நேரத்தில் முக்கால் பங்காகிவிடுகின்றது. வேகமான அட்டையை வாங்கிப் பொருத்துவதால் மட்டும் இக்குறை நீங்காது என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

மூன்றாவது, மோதல். 802.11 நெறிமுறையில் ஒவ்வோர் அட்டையும் பேசுவதற்கு முன் அலைத்தடம் அமைதியாக உள்ளதா எனக் கேட்டுப் பார்க்கின்றது. இதற்கு 802.11பி வகையில் 20 மைக்ரோ நொடி கொண்ட நேரக்கூறுகள் பயன்படுகின்றன. 25 கி.மீ. தொலைவில், ஒரு முனை பேசத் தொடங்கியது மறு முனைக்குத் தெரிவதற்குள் இத்தகைய நான்கு நேரக்கூறுகள் கடந்துவிடுகின்றன. அமைதி நிலவுவதாக எண்ணி மறு முனையும் பேசத் தொடங்கினால் இரண்டு பொதிகளும் கெடுகின்றன. ஒரே கோபுரத்தில் பல திசைகளை நோக்கிய அட்டைகள் ஒரே தடத்தில் இயங்கும்போது, ஒன்று அனுப்புவது பக்கத்து அட்டை கேட்பதையும் குலைக்கின்றது.

தேனி வலையமைப்பு

மருத்துவர் கோவிந்தப்பா வேங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை ஒன்று தேனியில் இயங்குகின்றது. சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களுக்காக இம்மருத்துவமனை பார்வை மையங்களை நிறுவியது. பயிற்சி பெற்ற கண் தொழில்நுட்பர் ஒருவர் மையத்தில் நோயாளியைச் சோதிப்பார். தேனியில் உள்ள மருத்துவர் காணொளி வழியாக நோயாளியுடன் பேசி முடிவைச் சொல்வார். அறுவை மருத்துவமோ மேற்சிகிச்சையோ தேவைப்படுவோர் மட்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கூலி வேலை செய்வோருக்கு ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும். வயதானவர்களைத் துணைக்கு ஒருவர் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால் இழப்பு இருவருக்கு.

இம்முறைக்கு மருத்துவர் நோயாளியின் முகத்தைக் காணவும், தடையின்றிப் பேசவும் தக்க இணைப்பு தேவை. அதனை வழங்க அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டையர் ஆய்வுக்குழு, அரவிந்த் மருத்துவமனையுடன் இணைந்து வை-ஃபை இணைப்புகளை அமைத்தது. 2.4 கிகாஹேர்ட்சு அலைத்தொகுப்பில் குறிப்பிட்ட வலு வரம்புக்குள் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என இந்திய அரசு 2005 சனவரியில் அறிவித்திருந்தது இத்தகைய முயற்சிகளுக்கு உதவியது. அம்பாசமுத்திரம், போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், ஆண்டிபட்டி ஆகிய ஊர்களின் மையங்கள் தேனியுடன் இணைக்கப்பட்டன. இணைப்புகளின் நீளம் சுமார் 1 கி.மீ. முதல் 15 கி.மீ. வரை இருந்தது.

இக்குழு உருவாக்கிய மென்பொருள் வைல்டுநெட் எனப் பெயர் பெற்றது. ரபின் பத்ரா, செர்ஜியு நெடேவ்சி, சோனேசு சுரானா, அன்மோல் சேத், லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன், எரிக் புரூவர் ஆகியோர் இதனை விளக்கும் ஆய்வுக்கட்டுரையை 2007-இல் வெளியிட்டனர். இதன் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று இந்தியாவிலேயே தோன்றியது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பாசுகரன் இராமனும் கமேசுவரி செப்ரோலுவும் 2005-இல் 2பி என்னும் நெறிமுறையை முன்வைத்திருந்தனர். ஒரு கோபுரத்தில் உள்ள அட்டைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பேச வேண்டும், பின்னர் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

வைல்டுநெட் மூன்று சிக்கல்களையும் பின்வருமாறு எதிர்கொண்டது:

முறைவைத்துப் பேசுதல்: அமைதி நிலவுகின்றதா எனக் கேட்டுப் பார்க்கும் வழக்கம் அட்டையில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக நேரம் பங்கிடப்பட்டது. ஒரு முனை பேசும்போது மறு முனை கேட்கும், பின்னர் முறை மாறும். ஏரிப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதை இது ஒத்தது. முறை தெரிந்தபின் மோதலுக்கு இடமில்லை.

மொத்த ஒப்புகை: பொதிக்கு ஒன்றாக அட்டையே தானாக அனுப்பும் ஒப்புகையும் நிறுத்தப்பட்டது. ஒரு முறையில் வந்த பொதிகள் அனைத்துக்கும் சேர்த்து, அடுத்த முறையில் ஒரே ஒப்புகை அனுப்பப்பட்டது. ஒவ்வொரு பொதிக்கும் காத்திருந்து வீணான நேரம் இதனால் மிச்சமாயிற்று.

முன்கூட்டியே பிழை திருத்தம்: பக்கத்தில் இயங்கும் பிற வை-ஃபை கருவிகளின் இடையூற்றால் தொலைதூர இணைப்புகளில் பொதிகள் தொலைவது மிகுதி. தொலைந்தவற்றைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். ஆனால் நேரடிப் பேச்சுக்கு அந்தத் தாமதம் ஆகாது. எனவே கூடுதலான சில பொதிகளை முன்கூட்டியே சேர்த்து அனுப்பி, தொலைந்தவற்றைப் பெறுமுனையிலேயே கணக்கிட்டு மீட்கும் வசதியும் சேர்க்கப்பட்டது.

இவை யாவும் புதிய வன்பொருள் எதுவுமின்றி, ஏதெரோசு நிறுவனத்தின் சில்லு கொண்ட, கடையில் கிடைக்கும் அட்டைகளில் செய்யப்பட்டன. லினக்சுக்கான மேட்வைஃபை என்னும் இயக்கி திருத்தப்பட்டது. பொதிகளைக் கையாளும் பகுதி கிளிக் என்னும் திசைவி மென்பொருளில் எழுதப்பட்டது. வழக்கமான 802.11 முறையில் கிடைக்கும் மிகச் சிறந்த அளவைக் காட்டிலும் 2 முதல் 5 மடங்கு வரை தரவு செல்வதாக அக்கட்டுரை தெரிவித்தது. தேனி வலையமைப்பின் வழியே மாதம் 3000 சிற்றூர் நோயாளிகளுக்குக் காணொளி ஆலோசனை வழங்கப்பட்டதாக இக்குழுவின் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை பதிவு செய்துள்ளது.

இதே குழுவின் மென்பொருள் 2007-இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி அமைத்த 382 கி.மீ. இணைப்பிலும் சோதிக்கப்பட்டது. ஏதெரோசு சில்லில் ஒப்புகைக் காலக்கெடுவை அதிகபட்சமாக 746 மைக்ரோ நொடிகள் வரையே நீட்ட முடிந்தது. இது ஏறக்குறைய 110 கி.மீ. தொலைவுக்கே போதுமானது. அதற்கு அப்பால் அமைப்புகளை மாற்றுவது பயன்தராது, ஒப்புகை முறையையே மாற்ற வேண்டும் என்பதற்கு இது சான்று ஆகும். இம்மென்பொருளைக் கொண்டு அந்த இணைப்பில் ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் வேகம் பெறப்பட்டது.

பராமரிப்புச் சிக்கல்கள்

இணைப்பு வேகமாக இருந்தால் மட்டும் போதாது, நாள்தோறும் இயங்கவும் வேண்டும். ஊர்ப்புறங்களில் மின்சாரத்தின் தரம் குறைவாக இருந்ததே இத்தகைய வலையமைப்புகளுக்குப் பெருந்தடையாக இருந்தது. கோபுரத்தில் உள்ள சிறு கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அதன் நினைவட்டையில் உள்ள கோப்புகள் சிதைந்துவிடும். அதன்பின் கணினி தொடங்காது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது வை-ஃபை அட்டையின் பழுதாகவே தோன்றும். நினைவட்டையைப் படிப்பதற்கு மட்டும் என அமைத்துவிடுவது இதற்கான எளிய மாற்றுவழி ஆகும்.

இயக்கி இடையில் உறைந்து போவது மற்றொரு சிக்கல். கோபுரத்தில் ஏறிக் கருவியை நிறுத்தித் தொடங்க ஒவ்வொரு முறையும் ஆளைத் தேட முடியாது. எனவே, கணினி உறைந்ததை உணர்ந்து அதனைத் தானே மீளத் தொடங்கச் செய்யும் காவற் சுற்று பயன்படுத்தப்படுகின்றது. முதன்மை இணைப்பு அறுந்தாலும் தொலைவிலிருந்து பழுது பார்க்கும் பொருட்டு, கைப்பேசி வலையமைப்பு போன்ற மாற்றுப் பாதை ஒன்றை வைத்திருப்பதும் நல்ல நடைமுறை ஆகும்.

எளிய மாற்றுவழி

அனைவரும் இயக்கியைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. சில கி.மீ. முதல் சில பத்து கி.மீ. வரையிலான ஒற்றை இணைப்புக்கு ஒப்புகைக் காலக்கெடுவை நீட்டினாலே குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கும். மேட்வைஃபையுடன் வந்த ஏத்கண்ட்ரோல் என்னும் சிறு கருவியில் தொலைவை மீட்டரில் கொடுத்தால், அது நேரக்கூற்றையும் காலக்கெடுவையும் கணக்கிட்டு அமைத்தது. 25 கி.மீ. எனக் கொடுத்தால் நேரக்கூறு 93 மைக்ரோ நொடியாகவும், காலக்கெடு 189 மைக்ரோ நொடியாகவும் அமையும். மேற்கண்ட உத்திரமேரூர்க் கணக்கின் 167 மைக்ரோ நொடிப் பயணம் இதற்குள் அடங்கிவிடுகின்றது.

இன்றைய லினக்சில் ஐடபிள்யூ என்னும் கட்டளைக் கருவியின் வழியே இதே தொலைவு அமைப்பைச் செய்யலாம். ஆனால் அட்டையின் இயக்கி இதனை ஆதரிக்க வேண்டும். ஏத்9கே இயக்கியில் காலக்கெடுவைத் தானாகக் கண்டறியும் வசதியும் உண்டு. இணைப்பின் இரு முனைகளிலும் இம்மாற்றத்தைச் செய்ய வேண்டும். தொலைவைச் சற்றுக் கூட்டிக் கொடுப்பதால் பெரிய தீங்கில்லை, குறைத்துக் கொடுத்தால் இணைப்பு மீண்டும் ஊரத் தொடங்கும்.

வரம்புகள்

நேரப் பங்கீட்டு முறையில் இயங்கும் அட்டைகள் வழக்கமான வை-ஃபை கருவிகளுடன் பேசுவதில்லை. ஒரு கைப்பேசி இவ்விணைப்பில் நேரடியாகச் சேர முடியாது. ஊருக்குள் வழங்குவதற்குத் தனியாக ஒரு சாதாரணத் திசைவி தேவை. மேலும், அமைதி நிலவுகின்றதா எனக் கேட்டுப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்திய அட்டை, அதே தடத்தைப் பயன்படுத்தும் அண்டை அயலாரைப் பொருட்படுத்துவதில்லை. உரிமம் தேவையற்ற அலைத்தொகுப்பு எல்லோருக்கும் பொதுவானது என்பதால், நெரிசல் குறைந்த ஊர்ப்புறங்களில் பொருந்தும் இம்முறை நகரங்களில் பொருந்தாமற் போகலாம்.

பிற்கால வளர்ச்சி

மேட்வைஃபை இயக்கியின் ஒரு பகுதி மூலநிரல் இன்றி இருமக் கோப்பாக மட்டுமே வழங்கப்பட்டு வந்தது. ஏதெரோசு நிறுவனம் 2008-இல் அப்பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. அதே ஆண்டில் ஏத்5கே, ஏத்9கே ஆகிய திறந்த இயக்கிகள் லினக்சு கருனியில் இடம்பெற்றன. மேட்வைஃபை பின்னர் கைவிடப்பட்டது.

தொலைதூர இணைப்புகளுக்காக ஆய்வாளர்கள் கையாண்ட முறைகள் இன்று வழக்கமாகிவிட்டன. பல பொதிகளுக்குச் சேர்த்து ஒப்புகை அனுப்பும் முறை 2009-இல் வெளியான 802.11என் நெறிமுறையின் இன்றியமையாத பகுதி ஆயிற்று. யுபிக்விட்டி நிறுவனத்தின் ஏர்மேக்ஸ், மைக்ரோடிக் நிறுவனத்தின் என்வி2 ஆகியவை நேரப் பங்கீட்டு முறையில் இயங்குகின்றன. ஊர்ப்புற இணையச் சேவை வழங்குவோர் இத்தகைய கருவிகளை ஆயத்த நிலையிலேயே வாங்கிப் பயன்படுத்துகின்றனர்.

காலக்கெடுவையும் நேரக்கூற்றையும் மாற்ற இடம்கொடுத்த சில்லும், திருத்த முடிந்த இயக்கியும் இருந்ததாலேயே வைல்டுநெட் போன்ற மென்பொருளை உருவாக்க முடிந்தது. அவ்வமைப்புகளை இயக்கியினுள் பூட்டி வைத்த அட்டை, வன்பொருள் அளவில் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், தன்னை உருவாக்கியவர் எண்ணிப் பார்த்த தொலைவுக்கு அப்பால் பயன்படுவதில்லை. எனவே தொலைதூர இணைப்புக்கு அட்டை வாங்குவோர் அதன் வேகத்தையும் வலுவையும் மட்டுமன்றி, அதில் உள்ள சில்லு எது, அதற்குத் திறந்த இயக்கி உண்டா, தொலைவு அமைப்பை அது ஆதரிக்கின்றதா என்பவற்றையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நன்று.